எனக்கு வைத்த ஒப்பாரி

புளியங்குளம் சந்தியில் லொறி நின்றபோது எனக்குத் தெரிந்தது வானம் மட்டும்தான். மாரி தொடங்கப் போகிற வானம். தலையைத் திருப்பிப் பார்க்க எனக்கு வழியில்லை. உச்சந்தலையிலிருந்து தொடை வரைக்கும் முதுகுப் பக்கம் ஒரு பிளாஸ்டர் கூடு. என்னை அதற்குள் கிடத்தி, பட்டிகளால் கட்டி, கூட்டோடு கட்டிலில் வைத்து, கட்டிலோடு லொறியில் ஏற்றியிருந்தார்கள்.

லொறியில் பழைய கருவாட்டு மணம். பளையில் ஏற்றிய தேங்காய்கள் கட்டிலுக்குக் கீழே உருண்டு உருண்டு முட்டிக்கொண்டிருந்தன.

கீழே சந்தியில் யாரோ சத்தமாகக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கதை திடீரென்று நின்றது. பிறகு லொறியின் பக்கப் பலகைக்கு மேலே ஓர் ஆணின் முகம் எழும்பி வந்தது. தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். எனக்கோ கலியாணம் ஆகாத வயது. கட்டிப்போட்ட மாதிரிக் கிடக்கிறேன். முன்பின் தெரியாத ஆள் பார்த்தால் என்ன செய்வது? கூச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"குமர்ப்பிள்ளை" என்றது அந்தக் குரல், மிகவும் தாழ்ந்து. "பாவம், முகம் அப்பிடியே கிடக்கு."

"எந்த ஊராம்?"

"நெடுங்கேணிக்கு அங்காலையாம். தேப்பன் முன்னுக்கு இருக்கிறார்."

நோயாளிப் பெண் என்று இரங்குகிறார்கள் என நினைத்தேன். சற்று நேரத்தில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. அந்தச் சைக்கிள் நெடுங்கேணி வீதியில் திரும்பி, சங்கிலி கிரீச்சிட விரைந்து போவது கேட்டது. அது என்னுடைய சாவுச் செய்தியைக் கொண்டு போகிறது என்று எனக்குத் தெரியாது.

என்னைக் கேட்காத கால்கள்

இந்தத் தொடரை வாசிக்கும் ஓர் அம்மையார் போன மாதம் ஒரு கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கடை முதுகு ஏன் அப்பிடி இருக்கு?" என்று நேராகக் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மற்றவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி வேறு கதை கதைப்பவர்கள். அவருக்காகவே இந்தக் கிழமை இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியோ அறுபதுகளின் தொடக்கமோ, சரியாக நினைவில்லை. நெடுங்கேணிக்கு அப்பால், ஒரு பக்கம் குளமும் மறுபக்கம் காடுமாக இருந்தது எங்கள் ஊர். முதலில் முதுகில் ஒரு வலி. வயலில் குனிந்து நிமிர்ந்ததால் வந்தது என்று அம்மா எண்ணெய் தடவினார். பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே முள்ளந்தண்டில் பாக்களவு மேடு ஒன்று எழும்பியது. பிறகு நடக்கும்போது கால் பின்னியது. ஒரு நாள் காலையில் எழும்பப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை.

அதோடு விட்டிருந்தால் அது வெறும் நோய். ஆனால் கால்கள் தாமாக ஆடத் தொடங்கின.

சும்மா கிடக்கும். திடீரென்று இரண்டு முழங்கால்களும் மடங்கி வயிற்றுப் பக்கம் வரும். பிறகு படீரென்று நீளும். போர்வையை உதைத்துத் தள்ளும். எனக்கோ ஒன்றும் தெரியாது. கட்டில் கிரீச்சிடும் சத்தத்தைக் கேட்டுத்தான் என் கால் ஆடுகிறது என்று அறிந்துகொள்வேன். யாராவது பாதத்தைத் தொட்டால் போதும், உடனே துள்ளும். கத்தியால் கீறினாலும் எனக்கு நோகாது. கால் மட்டும் துள்ளும்.

குளக்கட்டு மருதமரத்து முனிதான் காலுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். பூசாரியைக் கூப்பிட்டு உடுக்கடித்தார்கள். உடுக்குச் சத்தத்துக்குக் கால் இரண்டும் ஆடின பாருங்கள், தாளம் தப்பாமல்! பார்க்க வந்தவர்கள் படலைக்கு வெளியே ஓடிப்போனார்கள். அதிர்வு பட்டால் அப்படித் துள்ளும் என்று டொக்டர் பிறகு சொன்னார். அன்று அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

குசினியில் இருந்த அம்மா

என் தகப்பனாரை நாங்கள் அப்பு என்போம். அவர்தான் ஒற்றைக் காலில் நின்று என்னை வடக்கே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். முள்ளந்தண்டில் காசநோய் என்றார்கள். எலும்பு அரித்து, சீழ் கட்டி, அந்தச் சீழ் உள்ளே ஓடும் பெரிய நரம்பை நெருக்குகிறது. வெட்டி எடுக்கவேண்டும் என்றார்கள். அப்பு ஒப்புக்கொண்டு, என்னை அங்கே விட்டுவிட்டு, வீட்டில் சொல்ல வந்தார்.

அம்மாவுக்குக் காசநோய் என்றால் நெஞ்சில் வருவது. முதுகை வெட்டுவதா? "முதுகைப் பிளந்தால் உயிர் அதாலை போயிடும். நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று அவர் அதற்கு முன்னரே கோபமாக இருந்தார். என்னை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போன அன்று, வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை. குசினிக்குள் அடுப்பைப் பார்த்தபடி இருந்தார். தூக்கிக்கொண்டு போகும்போது அவருடைய முதுகை மட்டும் கண்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களில் எனக்கு வலியைவிட அம்மா மேலிருந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. பெற்றவள் ஒருமுறை வந்து பார்த்தால் என்ன?

சத்திரசிகிச்சையைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. முகத்தில் ஒரு மூடி வைத்தார்கள். இனித்த, குமட்டும் மணம். கண் விழித்தபோது ஒரு பக்கம் முழுவதும் தீயாக எரிந்தது. டொக்டர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து சொன்னார்: "உன்ரை விலாவிலை ஒரு துண்டு எலும்பு எடுத்து உன்ரை முதுகுக்கு முட்டுக் குடுத்திருக்கு. அது பிடிக்குமட்டும் அசையக்கூடாது."

அதற்குத்தான் கூடு. நனைத்த பிளாஸ்டர் துணிகளை என் முதுகில் படிய வைத்துக் காயவிட்டு ஒரு கூடு. நெஞ்சிலும் வயிற்றிலும் படிய வைத்து இன்னொரு கூடு. பின் கூட்டில்தான் எப்போதும் கிடப்பேன். முதுகைத் துடைத்துக் காயத்தைப் பார்க்கவேண்டிய நேரத்தில் முன் கூட்டை மேலே வைத்துக் கட்டி, என்னைச் சேர்த்துப் புரட்டுவார்கள். பிறகு பின் கூட்டைக் கழற்றுவார்கள். முன் கூடு சுவரோடு சாத்திக் கிடக்கும்போது அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. கழுத்தில்லை, கையில்லை, ஆனால் அது நான்தான்.

மாதங்கள் போயும் கால் வரவில்லை. துள்ளல் மட்டும் இருந்தது. கட்டிலுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். இனி வீட்டில் கிடக்கலாம், ஊசியை நெடுங்கேணி மருந்தகத்து அப்போதிக்கரி வந்து போடுவார் என்று அனுப்பினார்கள். போகும்போது டொக்டர் அப்புவிடம் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"இந்தத் துள்ளல் ஒரு நாளைக்கு நிக்கும். நிண்ட பிறகு தொட்டுப் பாருங்கோ. தொடுறது அவவுக்குத் தெரிஞ்சால் நல்ல காலம். தெரியாட்டில் ஒரு நாளும் வைச்சிருக்காமல் இஞ்சை கொண்டு வாங்கோ."

சிவப்புத் துணி கிடைக்கவில்லை

லொறி காசிம் நானாவுடையது. முல்லைத்தீவிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய், திரும்பும்போது தேங்காயோ வேறு சாமானோ ஏற்றி வருகிறவர். அப்புவுக்குப் பழக்கம். என்னைக் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகப் பொறுப்பெடுத்தார். மாட்டுவண்டிகூட எங்களை முந்திப் போகும் வேகத்தில்தான் ஓட்டினார்.

கட்டில் நீளம். அதன் கால்மாடு லொறிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வெளியே நீட்டும் சாமானுக்குச் சிவப்புத் துணி கட்டவேண்டும் என்பது லொறிக்காரர்களின் வழக்கம். அன்று சிவப்புத் துணி எங்கேயும் கிடைக்கவில்லை. அப்பு தன் தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை எடுத்துக் கட்டினார்.

அப்புவுக்கோ தலை மொட்டை. நான் உயிரோடு வெளியே வந்தால் முடி இறக்குவதாக நேர்த்தி வைத்து, முதல் நாள்தான் கோயிலில் இறக்கியிருந்தார்.

இனி நீங்களே பாருங்கள். வெள்ளைத் துணி கட்டி, ஊர்ந்து ஊர்ந்து வருகிற லொறி. முன்னால் மொட்டைத் தலையோடு, மேலில் துணியில்லாமல் தகப்பன். பின்னால் கட்டிலில் கண்மூடி நீட்டி நிமிர்ந்து கிடக்கும் பெண். எங்கள் பகுதி ஆட்கள் அதைப் பார்த்து வேறு என்ன நினைப்பார்கள்? சைக்கிளில் போனவர் எங்கள் ஊருக்குப் பெண் கொடுத்தவர். நல்ல மனுசன். செய்தியைச் சொல்லவேண்டியது தன் கடமை என்று போனார்.

வாசலில் பறை

ஊர் எல்லைக்கு வந்ததும் பறைச் சத்தம் கேட்டது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்புவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். "ஆரெண்டு தெரியேல்லையே" என்று காசிம் நானாவிடம் அவர் சொல்வது கேட்டது.

சத்தம் கிட்ட வந்தது. என் கால்கள் ஆடத் தொடங்கின. கட்டில் கிரீச்சிட்டது. லொறி திரும்பிய திருப்பம் எனக்குத் தெரியும். அது எங்கள் ஒழுங்கை. எங்கள் வாசல் பூவரசின் கிளை என் கண்ணுக்கு நேரே வந்தது. அதன் கீழேதான் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அம்மாவின் குரல் கேட்டது.

"பாய்விரிச்சு வைச்சேனே படுக்கவரு வாயெண்டு
நோய்தீர்ந்து வருவாயெண்டு நூல்சேலை வாங்கினனே
கோவத்திலை முகந்திருப்பிக் குசினிக்கை இருந்தேனே
போகேக்கை பாராத பாவிநான் ஆனேனே…"

உயிரோடு இருக்கிற எவருக்கும் தன் ஒப்பாரி கேட்கக் கிடைக்காது. எனக்கு ஒரு பாய் விரித்து வைத்திருந்தது தெரியாது. சேலை வாங்கியது தெரியாது. அந்த மாதங்களின் கோபம் எல்லாம் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கவும் முடியவில்லை.

லொறி நிற்க முதலே அம்மா பக்கப் பலகையில் ஏறிவிட்டார். அவிழ்ந்த கூந்தல் என் முகத்தில் விழுந்தது. என் கண் திறந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அம்மா, தண்ணி" என்றேன்.

பறை நின்றது. அடித்து முடித்து நிற்கவில்லை. ஓர் அடி ஓங்கியபடியே நின்றது. ஒப்பாரி நின்றது. வாசல் முழுக்க ஆட்கள் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு ஓடுகிற காலடிகள் கேட்டன. அவர்கள் என்னை நோக்கி ஓடிவரவில்லை.

"யா அல்லா" என்றார் காசிம் நானா, முன்னாலிருந்து. "நான் மையத்து ஏத்தி வந்ததெண்டு நினைச்சிட்டாங்கள்."

கடைசியில் தண்ணீர் தந்தது அம்மாதான். பாதி என் கழுத்தில் சிந்தியது.

உடம்பு இல்லாத செத்தவீடு

நடந்தது ஒரு பிழை, சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்புவும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் வீட்டுக்குள் என்னைத் தூக்கிவர அயலில் ஒருவரும் கை கொடுக்கவில்லை. அப்புவும் காசிம் நானாவும் அவருடைய கிளீனரும் அம்மாவும்தான் தூக்கினார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ள வரும் பெண்கள் அடுத்த நாள் வரவில்லை. கோயிலிலிருந்து ஆள் வந்து, சாவுத் தீட்டுள்ள துடக்கு வீடு என்று சொல்லிப் போனார்.

அப்புவின் அண்ணன், எங்கள் பெரியப்பு, முற்றத்தில் நின்று கதைத்தார். யன்னலுக்குள்ளால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"பறை அடிச்சாச்சு. ஊருக்குச் சொல்லியாச்சு. பெத்தவள் தன்ரை வாயாலை ஒப்பாரி வைச்சாச்சு. கூப்பிட்ட சாவை வெறுங்கையோடை திருப்பி அனுப்பேலாது, தம்பி. அது ஒழுங்கையிலைதான் நிக்கும்."

காட்டுக்குத் தேன் எடுக்கப் போய்த் திரும்பாதவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருந்தது. வைக்கோலில் உருவம் செய்து, பாடை கட்டிக் கொண்டுபோய்ச் சுடலையில் எரிப்பார்கள். அதன்பிறகுதான் அந்த வீட்டின் துடக்குக் கழியும். எனக்கும் அப்படிச் செய்யவேண்டும் என்றார் பெரியப்பு. உடம்பு இல்லாமல் செத்தவனுக்குச் செய்வதை, உடம்போடு இருப்பவளுக்குச் செய்வதில் என்ன பிழை?

அப்பு, "சரி, வைக்கோலிலை செய்யுங்கோ" என்றார்.

அம்மா அப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்தே சொன்னார்: "வைக்கோல் வேண்டாம்."

"என்னது?"

"நான் கூப்பிட்டது இவளை. அது இவளைத் தேடித்தான் வந்திருக்கு. வைக்கோலைக் குடுத்தால் நம்புமே? இவளின்ரை உருவம் இருக்கு. அதைக் குடுங்கோ."

அவர் பார்த்தது மூலையில் சாத்தியிருந்த முன் கூட்டை.

அப்பு உள்ளே வந்துவிட்டார். "உனக்கு விசரே? அது இல்லாமல் பிள்ளையைப் புரட்டேலாது. புரட்டாட்டில் முதுகு அழுகும். பிழையாய்ப் புரட்டினால் வைச்ச எலும்பு நழுவும். பிறகு காலை மறக்கவேண்டியதுதான்."

"காலில்லாட்டிலும் பிள்ளை இருக்கும்" என்றார் அம்மா. "நான் வைச்ச ஒப்பாரி. நான்தான் அதுக்குக் குடுக்கவேணும்."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒழுங்கையில் அது நிற்கிறது என்று எனக்கும் தோன்றியது. முதல் நாள் மாலையிலிருந்து நாய்கள் அந்தப் பக்கம் பார்த்துத்தான் குரைத்தன.

பின்னேரம் அதை முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். வார்த்தெடுத்த உருவம் அல்லவா, என் மார்பின் வடிவம் அப்படியே அதில் இருந்தது. இத்தனை ஆண்கள் நிற்கும் இடத்தில் அது கிடக்கக் கூடாதென்று அம்மா அலுமாரியைத் திறந்து, எனக்கென்று வாங்கி வைத்திருந்த நூல்சேலையைக் கொண்டுபோய்ப் போர்த்தினார். யன்னல் வழியாக, கண்ணை மட்டும் திருப்பி, ஒரு ஓரத்தைக் கண்டேன். சேலை போர்த்தியதும் அது இன்னும் கூடுதலாக நானாகிவிட்டது. மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்னிப்பெண்ணுக்குக் கொள்ளி வைக்கவேண்டியவர் தகப்பன். மொட்டைத் தலையும் ஏற்கெனவே தயாராக இருந்தது.

பறை மறுபடி தொடங்கியது. என் கால்கள் ஆடத் தொடங்கின. பறை ஒழுங்கையில் இறங்கி, குளக்கட்டில் ஏறி, சுடலைப் பக்கம் தூரத் தூரப் போனது. கட்டில் சத்தமும் அதனோடு குறைந்துகொண்டு போனது. காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். காற்று மாறும்போது ஓர் அடி கேட்கும், கட்டில் ஒருமுறை கிரீச்சிடும். பிறகு அங்கே பறை நின்றது. இங்கே கட்டில் நின்றது.

அதன்பிறகு என் கால்கள் துள்ளவில்லை.

தற்செயல் என்று இன்றைக்கு உங்களுக்குச் சொல்வேன். பகல் வெளிச்சத்தில் கேட்டால் உறுதியாகவே சொல்வேன்.

சுடலையில் மிஞ்சியது

அப்பு குளத்தில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். உயிரோடு இருக்கிற மகளுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த மனிதன். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "பிள்ளை சாப்பிட்டதோ?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா என் பாதத்தில் கை வைத்தபடி நின்றார். தொட்டால் துள்ளுகிற கால் அசையவில்லை. கிள்ளினார். ஊசி எடுத்துக் குத்தினார்.

"தெரியுதோ, பிள்ளை?"

"இல்லையம்மா."

மறுபடியும் குத்தினார். "இப்ப?"

"இல்லை."

துள்ளல் நின்று, தொடுவதும் தெரியாவிட்டால் ஒரு நாளும் வைத்திருக்காமல் கொண்டு வரச் சொன்னார் டொக்டர். அப்பு அந்த நேரமே ஆள் அனுப்பினார். காசிம் நானா விடியப் புறப்பட்டு வருவதாகச் சொல்லியனுப்பினார். விடிய முதல் மழை தொடங்கியது.

அந்த மழைக்குள்ளும் பெரியப்பு காடாத்துக்குப் போனார். எரித்த மறுநாள் எலும்பு பொறுக்குவதைத்தான் காடாத்து என்போம். இங்கே எலும்பு ஏது? ஆனாலும் முறை முறைதான். போனவர் வெகுநேரம் கழித்து வந்து, குசினிக்குள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கதைத்தார். கிடையில் கிடந்தவளுக்குக் காது எவ்வளவு கூர்மை என்று அவருக்குத் தெரியாது.

"விறகெல்லாம் சாம்பல். சேலையும் போயிட்டுது. ஆனால் அது அப்பிடியே கிடக்கு, மச்சாள். கறுத்துப்போய், முழுசாய், வானத்தைப் பார்த்தபடி கிடக்கு."

பிளாஸ்டர் என்பது கல்லுப்பொடி, விறகுத் தீயில் எரிந்து போகாது என்று அப்போதிக்கரி பின்னாளில் எனக்கு விளங்கப்படுத்தினார். அந்தக் காலையில் அந்த வீட்டுக்குள் அதை அறிந்தவர் எவருமில்லை. அம்மா சொன்னதுதான் கேட்டது.

"அது உருவத்தை எடுக்கேல்லை. காலை எடுத்துக்கொண்டு போயிட்டுது. நான்தான் எடுத்துக் குடுத்தனான்."

மழை நாட்கள்

குளம் நிரம்பி வான் பாய்ந்தது. ஊருக்கும் பெரிய வீதிக்கும் நடுவில் இருந்த தாம்போதியின், அந்தத் தாழ்ந்த பாலத்தின், மேல் ஆளுயரத் தண்ணீர் ஓடியது. காசிம் நானாவின் லொறி அக்கரை வரைக்கும் வந்து திரும்பிப் போனது. உழவு மெசின் ஒன்றைக் கேட்டுப் பார்த்தார்கள். அதுவும் இறங்க மறுத்தது. ஊசி போட வரும் அப்போதிக்கரியும் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

துடக்குக் கழிந்துவிட்டதால் அயல் பெண்கள் வந்தார்கள். முன் கூடு இல்லாமல் என்னைப் புரட்ட முடியாது. பின் கூட்டுக்குள் துணியை நுழைத்து, நாலாபக்கமும் பிடித்து, முதுகைத் துடைக்கும் அளவுக்கு மட்டும் தூக்குவார்கள். அம்மா கீழே குனிந்து காயத்தைத் துடைத்துக்கொண்டே, "கோணாமல் பிடியுங்கோ, கோணாமல்" என்பார். முதுகு முறிந்துவிடுமோ என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன்.

அந்த நாட்களில் எனக்குப் பயம் தந்தது என் கால்களின் அமைதிதான். முன்பு பேய் பிடித்த கால் என்றாலும் அதில் ஓர் உயிர் இருந்தது. இப்போது போர்வைக்குக் கீழே யாரோ மரக்கட்டை இரண்டை வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. ஒருநாள் அம்மா போர்வையை நீக்கிவிட்டு அலறினார். மழைக்கு வளைக்குள்ளிருந்து வெளியேறிய எறும்புகள் கட்டிலில் ஏறி, என் இரண்டு பாதங்களையும் மூடிப்பிடித்திருந்தன. எவ்வளவு நேரமாகக் கடித்தனவோ. நான் கூரையைப் பார்த்து ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

அம்மா அவற்றைத் துடைத்து, எண்ணெய் பூசி, கட்டில் கால்கள் ஒவ்வொன்றையும் தகரப்பேணிக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். இப்போது அவர் என்னோடு கதைப்பதே குறைவு. தன் வாயைத் திறக்கவே அவருக்குப் பயம் என்று எனக்கு விளங்கியது. அவருடைய அந்த மௌனத்தைத் தாங்க என்னால் முடியவில்லை. உங்களால்தான் நான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரும். காலைப் பார்த்துவிட்டு அவர் திரும்பும் முகத்தைக் கண்டால் சொல்ல வராது.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு மத்தியானம். அப்பு தண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்க்கத் தாம்போதிக்குப் போயிருந்தார். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கேயோ சுட்டது. கையா, கழுத்தா என்று முதலில் தேடினேன். பிறகு மெல்ல விளங்கியது. விளங்கியதும் மேலெல்லாம் குளிர்ந்துவிட்டது.

"அம்மா" என்றேன். "சுடுது."

"எங்கை?"

"கால்லை."

சுளகு நின்றது. "கால்லை என்ன சுடும்? பேணியெல்லாம் தண்ணி நிறைய இருக்கு. எறும்பு ஏறேலாது."

"இல்லையணை, சுடுது. குத்துற மாதிரிக் கிடக்கு."

அம்மா எழும்பிவந்தார். போர்வையைத் தொடவில்லை. முதலில் என் கண்களை ஒரு கையால் பொத்தினார். அரிசித் தவிட்டின் மணம். மற்றக் கையால் போர்வையை நீக்கும் சத்தம் கேட்டது.

"எந்தக் கால்?"

"இடக்கால்."

"எந்த விரல், சொல்லு."

"சின்ன விரலுக்குப் பக்கத்து விரல்."

என் கண்மேல் இருந்த கை இறுகியது. அந்த விரல் திரும்பவும் சுரீரென்று சுட்டது.

"எறும்புதானே அம்மா? தட்டிவிடணை. கடிக்குது."

"கொஞ்சம் பொறு, குஞ்சு" என்றார். "இன்னும் ஒருக்காக் கடிக்கட்டும்."